இரண்டாம் இடத்தில் யாரை எடுத்திருக்க வேண்டும்? வாரியர்ஸ் அணியின் 2020 டிராஃப்ட்: ஓர் ஒப்பீடு

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் வரிசைப்படி இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். 2020 நவம்பர் 18 அன்று நடந்த டிராஃப்டில் இரண்டாவது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியிடம் இருந்தது. தொடர்ந்து 5 ஆண்டுகள் இறுதிச் சுற்றுக்குச் சென்று 3 முறை கோப்பையை வென்ற அந்த அணி, 2019-20 பருவத்தை 15 வெற்றி, 50 தோல்வி என்ற கணக்கில் லீக்கின் கடைசி இடத்தில் முடித்திருந்தது. ஸ்டீஃபன் கரியின் இடது கை பருவத் தொடக்கத்திலேயே முறிந்ததால் அவர் 5 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். கிளே தாம்சன் முழங்கால் தசைநார் கிழிந்து ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கெவின் டுரான்ட் புரூக்ளினுக்குப் போய்விட்டிருந்தார். ஆக, மூத்த வீரர்கள் திரும்பினால் மறுபடியும் கோப்பைக்கு மோதக்கூடிய ஓர் அணியின் கையில், வழக்கமாக ஆண்டுக்கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கும் அணிகளுக்கே கிடைக்கும் ஒரு வாய்ப்பு வந்து விழுந்திருந்தது. டிராஃப்ட் நடந்த அதே நாளில், பயிற்சி ஆட்டம் ஒன்றில் தாம்சனின் வலது குதிகால் தசைநாணும் அறுந்தது.

முதல் இடத்தில் மினசோட்டா அணி ஆன்டனி எட்வர்ட்ஸை எடுத்துக்கொண்டது. வாரியர்ஸ் முன் மூன்று வழிகள் இருந்தன. மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தின் 7 அடி உயர சென்டர் (கூடையருகே ஆடும் பெரிய வீரர்) ஜேம்ஸ் வைஸ்மனை எடுக்கலாம். ஆஸ்திரேலிய லீக்கில் ஆடிவிட்டு வந்திருந்த கார்டு (வெளியிலிருந்து பந்தை நடத்தும் வீரர்) லாமெலோ பாலை எடுக்கலாம். அல்லது இரண்டாம் இடத்தை வேறு அணிக்குக் கொடுத்துச் சில படிகள் கீழிறங்கி, பதிலுக்கு வேறு ஏதேனும் பெற்றுக்கொண்டு, அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டைரீஸ் ஹாலிபர்ட்டனைப் போன்ற ஒருவரை எடுக்கலாம். அணி வைஸ்மனை எடுத்தது. அவர் பிறகு எப்படி ஆடினார் என்பதைக் காட்டி அந்த முடிவைத் தவறென்று சொல்வது எளிது. அந்த நாளில் கையில் இருந்த தகவல்களை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அது சரியான தேர்வல்ல என்பதே என் கருத்து. பொருத்தம் என்ற சொல்லை அணி தவறாகப் படித்ததே அதற்குக் காரணம்.

ஒரு இளம் வீரரை எடைபோடும்போது அணிகள் பொதுவாக மூன்றைப் பார்க்கின்றன: ஷூட்டிங், பொருத்தம், வளர்ச்சி வாய்ப்பு. இந்த மூன்றும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஷூட்டிங் ஓரளவு அளக்கக்கூடியது. கல்லூரி ஆட்டங்கள் குறைவு என்பதால் மூன்று புள்ளி ஷாட்டின் சதவீதத்தை மட்டும் நம்ப முடியாது. ஆகவே மதிப்பீட்டாளர்கள் ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். யாரும் தடுக்காத இடத்தில், ஒரே தொலைவிலிருந்து, ஒரே அசைவில் எறியும் ஷாட் என்பதால் கையின் உண்மையான தரம் அதில் தெரிந்துவிடுகிறது. வளர்ச்சி வாய்ப்பு இதற்கு நேர்மாறானது. உயரம், கை நீளம், தாவும் வேகம், வயது ஆகியவற்றை வைத்து, இன்னும் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்வதே அது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். டிராஃப்டில் பல நேரம் முளையையே சரியாகப் பார்க்கக் கிடைப்பதில்லை. வைஸ்மன் கல்லூரியில் ஆடியது மொத்தம் 3 ஆட்டங்கள். அதன் பிறகு கல்லூரி விளையாட்டு அமைப்பு விதித்த 12 ஆட்டத் தடையின் நடுவிலேயே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி டிராஃப்டுக்குத் தயாரானார்.

பொருத்தம்தான் இவற்றில் வழுக்கலான சொல். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் ஜாதகக் கட்டங்களைச் சேர்த்துவைத்துத் திருப்திப்பட்டுக்கொள்வதுபோல, அணி நிர்வாகங்களும் பட்டியலில் காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்து அதில் ஒரு பெயரை எழுதிவிடுகின்றன. வாரியர்ஸ் பட்டியலில் அப்போது கார்டு இடத்தில் கரியும் தாம்சனும், கார்டுக்கும் சென்டருக்கும் இடைப்பட்ட ஃபார்வர்டு இடங்களில் ஆண்ட்ரூ விக்கின்ஸும் டிரேமண்ட் கிரீனும் இருந்தார்கள். சென்டர் இடத்தில் மட்டும் பெரிய பெயர் இல்லை. எனவே சென்டர் பொருத்தம், கார்டு பொருத்தமில்லை என்று கணக்கு வந்தது. ஆனால் இடத்தின் பெயரை வைத்து மட்டும் பொருத்தம் அமைவதில்லை. அந்த அணி எப்படி ஆடுகிறது, அந்த ஆட்டம் ஒரு வீரரிடம் நொடிக்கு நொடி எதைக் கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

வாரியர்ஸ் அணியின் ஆட்டத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கரி பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டி வருகிறார். கிரீன் முன்னே வந்து அவரைத் தடுப்பவருக்கு ஸ்கிரீன் போடுகிறார், அதாவது வழியை மறித்து நிற்கிறார். கரியைத் தனியே விட்டால் 30 அடியிலிருந்துகூட எறிந்துவிடுவார் என்பதால் எதிரணி இருவரை அவர்மேல் அனுப்புகிறது. அந்த இருவரும் நெருங்கும் கணத்தில் கரி பந்தை கிரீனுக்குத் தட்டிவிடுகிறார். ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தைப் பிடிக்கும் கிரீனின் பக்கம் இப்போது நான்கு பேர். எதிரில் மூன்று பேர். கூடையின் கீழே நிற்பவர் முன்னேறி வந்தால் பந்து அவருக்குப் பின்னால் தாவுகிறவருக்குப் போக வேண்டும். வராவிட்டால் கிரீனே கூடை வரை போக வேண்டும். மூலையில் நிற்பவரைத் தடுப்பவர் உள்ளே ஒரு அடி வைத்தால் மூலைக்குப் போக வேண்டும். இதை முடிவுசெய்யக் கிடைக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அரை நொடி தயங்கினால் பின்னால் விடப்பட்ட இருவரும் திரும்பி வந்துவிடுவார்கள், நான்குக்கு மூன்று என்ற கணக்கு ஐந்துக்கு ஐந்தாகிவிடும்.

பந்து கரியின் கையில் இல்லாத நேரத்திலும் இதே கதைதான். அவர் பந்தைப் பெரிய வீரரிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தவர்போல நிதானமாக நடந்து, மறுபக்கம் நிற்கும் சக வீரருக்கு ஸ்கிரீன் போடப் போவதுபோல் போவார். திடீரென்று திரும்பி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பாய்வார். அவர் எந்தப் பக்கம் பாய்வார் என்பது அவருக்கே கடைசிக் கணத்தில்தான் தெரியும், ஏனென்றால் தடுப்பவரின் காலைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுக்கிறார். பந்தை வைத்திருக்கும் பெரிய வீரரும் அதே காலைப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் 2014இல் வந்தது முதல் இந்த வேலையை ஆண்ட்ரூ போகட்டும் கிரீனும் செய்துவந்தார்கள். ஆஸ்திரேலிய சென்டரான போகட் உயரத்தால் மட்டுமல்ல, பாஸ் கொடுக்கும் கண்ணாலும் அந்த அணிக்குப் பயன்பட்டவர்.

இந்த இடத்தில் வைஸ்மனை வைத்துப் பாருங்கள். 19 வயது, 7 அடி 6 அங்குலக் கை விரிவு, ஓட்டம், தாவல் இரண்டும் அபாரம். கல்லூரியில் ஆடிய அந்த 3 ஆட்டங்களில் சராசரியாக 19.7 புள்ளிகள், 10.7 ரீபவுண்டுகள் (தவறிய ஷாட்டுக்குப் பின் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். பந்தைக் கூடைக்கு மேலே எறிந்தால் பறந்து பிடித்து அழுத்தக்கூடிய ஒருவர், பந்தைச் சுமக்கும் ஒரு கார்டு எல்லா முடிவையும் எடுக்கும் அணியில் முதல் நாளிலேயே பயன்பட்டிருக்கலாம். வாரியர்ஸ் ஆட்டமோ பெரிய வீரரிடமே முடிவைக் கேட்கிறது. பெரிய மேடையில் அத்தகைய முடிவுகளை எடுத்துப் பழக அவருக்கு வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை. கோவிட் காரணமாக அந்த ஆண்டு, புதுமுகங்கள் ஆடிப் பழகும் கோடைகால லீக் இல்லை. டிராஃப்டுக்கும் டிசம்பர் 22 அன்று பருவம் தொடங்குவதற்கும் இடையே 5 வாரம்கூட இல்லை. ஷூட்டிங் பக்கம் பார்த்தால், கிரீன் வெளியிலிருந்து எறிவதில் பலவீனமானவர் என்பதை லீக்கே அறியும். அவர் பக்கத்தில் எறியாத சென்டர் ஒருவரையும் நிறுத்தினால் எதிரணி இரண்டு பேரைத் தாராளமாகக் கரி பக்கம் திருப்பிவிடலாம். காலியான கட்டத்தை நிரப்பிய வீரர், ஆட்டம் கேட்கும் வேலைக்கு மூவரிலும் மிகக் குறைந்த பொருத்தமுடையவராக இருந்தார்.

லாமெலோ பால் சார்பான வாதம் எளிமையானது: வரிசையில் மிஞ்சியவர்களில் அதிகத் திறமை யாரிடமோ அவரை எடு, பொருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள். இந்த வாதத்துக்கு வாரியர்ஸ் வீட்டிலேயே சாட்சி இருந்தது. 2009இல் அவர்களிடம் மான்டா எலிஸ் என்ற குட்டையான, புள்ளி குவிக்கும் கார்டு ஏற்கெனவே இருந்தார். மினசோட்டா 5ஆம் இடத்தில் ரிக்கி ரூபியோவையும் 6ஆம் இடத்தில் ஜானி ஃப்ளினையும் எடுத்த பிறகு, 7ஆம் இடத்தில் வாரியர்ஸ் இன்னொரு சிறிய கார்டை எடுத்தது. இருவரும் சேர்ந்து ஆட முடியாது என்று எலிஸே வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சிறிய கார்டுதான் கரி; 2012 மார்ச்சில் அணியை விட்டுப் போனவர் எலிஸ். கட்டம் காலியா என்று பார்த்திருந்தால் வாரியர்ஸ் வரலாறே வேறாகியிருக்கும்.

ஆனால் 2009இன் பாடத்தை 2020க்கு அப்படியே எடுத்துவர முடியாது. கரி மூன்று ஆண்டுகள் கல்லூரியில் ஆடி, நாட்டின் மிகச் சிறந்த ஷூட்டர்களில் ஒருவர் என்று நிரூபித்துவிட்டு வந்தவர். பந்து இல்லாமலும் எதிரணியை அச்சுறுத்தக்கூடியவர். லாமெலோ ஆஸ்திரேலியாவின் இல்லவாரா ஹாக்ஸ் அணிக்காக ஆடிய 12 ஆட்டங்களில் மூன்று புள்ளி ஷாட்டில் 25 சதவீதமே எடுத்தார். பாஸ் பார்வை அபூர்வமானது. 6 அடி 7 அங்குல உயரத்தில் அத்தகைய கண்ணுடையவர் அரிது. பந்து கையில் இருந்தால்தான் அந்தக் கண் வேலை செய்யும் என்பது ஒரு சிக்கல். கரியின் பக்கத்தில் நிற்கும்போது பந்து பெரும்பாலும் கரியிடம்தானே இருக்கும். தடுப்பாட்டத்தில் அவரிடம் அக்கறை குறைவு என்ற குறையும் அப்போதே சொல்லப்பட்டது. இவ்வளவுக்கும் மேல், கரி ஓய்வெடுக்கும் நிமிடங்களில் வாரியர்ஸ் ஆட்டம் விழுந்துபோவது அந்த அணியின் பழைய நோய். அதற்கு மருந்தாக இருக்கக்கூடியவர் மூவரில் லாமெலோவும் ஹாலிபர்ட்டனும்தான், வைஸ்மன் அல்ல. இரண்டாம் இடத்திலேயே நின்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் லாமெலோவையே எடுத்திருப்பேன், மனம் முழுதாக ஒப்பாமல்.

ஹாலிபர்ட்டனை இரண்டாம் இடத்தில் எடுக்கலாம் என்று அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உடல் ஒல்லி, முதல் அடியில் தடுப்பவரைத் தாண்டும் வேகம் இல்லை, ஷாட் எறியும் விதமோ பார்ப்பவர்களைக் கலவரப்படுத்தியது. பந்தைத் தலைக்கு மேலே உயர்த்தி எறியாமல், முகத்துக்கு முன்னால் தாழ்வாக வைத்துத் தள்ளிவிடுவதுபோல் எறிவார். ஆனால் அந்தத் தள்ளல் உள்ளே விழுந்தது: இரண்டாம் ஆண்டில் மூன்று புள்ளி ஷாட்டில் 41.9 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 80 சதவீதத்துக்கு மேல். பந்தைக் கையில் நிறுத்திவைக்காமல் உடனே அடுத்தவருக்கு நகர்த்துவது, பந்தில்லாத நேரத்தில் சரியான இடத்துக்கு நகர்வது, எதிரணியின் பாஸைப் படித்துக் கைநீட்டுவது என்று கெரின் ஆட்டம் கேட்பவை எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. கார்டு இடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தாலும் அவர் அந்த ஆட்டத்துக்குப் பொருந்தினார். தாம்சன் மேலும் ஒரு பருவம் இல்லை என்று ஆன பிறகு கார்டு இடமும் நிறைந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவரை எடுக்க இரண்டாம் இடம் தேவையில்லை. அதுதான் இந்த வழியின் அழகும் சிக்கலும். கீழிறங்குவதற்கு மேலே வர விரும்பும் ஓர் அணி வேண்டும், அது கொடுக்கும் விலையும் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும். தகுந்த விலை கிடைக்கவில்லை என்றால் இந்த வழி ஏட்டுச் சுரைக்காய்தான். இருந்தாலும், 6ஆம் இடத்திலோ 8ஆம் இடத்திலோ கிடைத்திருக்கக்கூடிய ஒருவருக்காக இரண்டாம் இடத்தைச் செலவழிப்பது அவமானம் என்ற எண்ணம் அணி நிர்வாகங்களை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் இடத்தில் எடுத்தாலும் 12ஆம் இடத்தில் எடுத்தாலும் ஆடுகளத்தில் அவர் அதே ஆள்தான்.

இவற்றோடு நேரம், பணம் என்ற இரண்டையும் சேர்த்தால்தான் தராசு முழுமையாகும். கரிக்கு அப்போது 32 வயது. கிரீன், தாம்சன் இருவருக்கும் 30. வளர்ச்சி வாய்ப்பு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் சரக்கு. வாரியர்ஸுக்கோ மிக விலையுயர்ந்த ஆண்டுகள் அந்த மூன்று நான்கேதான். மேலும் அந்த அணி அப்போது, வீரர்களின் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் லீக்குக்குக் கட்ட வேண்டிய ஆடம்பர வரியைக் கட்டிய அணி. 2021-22 பருவத்தில் மட்டும் அந்த வரி சுமார் 17 கோடி டாலர். இரண்டாம் இடத்து வீரரின் முதலாண்டுச் சம்பளம் ஏறத்தாழ 87 லட்சம் டாலர் என்றாலும், வரிக் கோட்டுக்கு மேலே நிற்கும் அணிக்கு ஒவ்வொரு கூடுதல் டாலரும் பல டாலர்களாகப் பெருகும். உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு அந்த விலை கொடுப்பது சாதாரண அணிக்கு முதலீடு. வரி கட்டும் அணிக்கு அது வட்டிக்கு வாங்கிய முதலீடு.

கோப்பைக்கு மோதும் அணி வளர்ச்சி வாய்ப்பைத் தொடவே கூடாது என்று இதிலிருந்து விதி செய்துவிட முடியாது. 2011இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், நன்றாக ஆடிக்கொண்டிருந்த கார்டு ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து, 15ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட கவாய் லெனர்டைப் பெற்றது. அவருடைய வெளி ஷூட்டிங் அப்போது பலவீனம்; ஸ்பர்ஸ் பயிற்சியாளர்கள் அதைத் திருத்தினார்கள். 2014 இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் அவர்தான். வேறுபாடு இதுதான்: லெனர்ட் முதல் நாளிலேயே தடுப்பாட்டத்துக்கும் ரீபவுண்டுக்கும் உதவினார், வளர வேண்டியிருந்தது ஷூட்டிங் மட்டும். வைஸ்மன் விஷயத்தில் வளர வேண்டியிருந்தது ஆட்டத்தைப் படிக்கும் அறிவு. கையைத் திருத்தத் தனியறையும் ஒரு நல்ல ஆசானும் போதும். கண்ணைத் திருத்த ஆட்ட நிமிடங்கள் வேண்டும், கோப்பைக்கு மோதும் அணியிடம் தானம் செய்ய நிமிடங்கள் இருப்பதில்லை.

நடந்தது பலருக்கும் தெரியும். வைஸ்மன் முதல் பருவத்தில் 39 ஆட்டங்களில் சராசரியாக 11.5 புள்ளிகள் எடுத்தார். எண்கள் மோசமில்லை, ஆனால் அவர் களத்தில் இருந்த நேரங்களில் அணி தடுமாறியது. 2021 ஏப்ரலில் முழங்கால் காயத்தால் அவர் வெளியேறிய பிறகு வாரியர்ஸ் கடைசி 20 ஆட்டங்களில் 15ஐ வென்றது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை; அணி கோப்பையை வென்றது. அந்தக் காயத்தை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது, அதற்காக நிர்வாகத்தைக் குறை சொல்வது நியாயமல்ல. லாமெலோ சிறந்த புதுமுக வீரர் விருதையும், 2022இல் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இடத்தையும் பெற்றார். பிறகு கணுக்கால் காயங்களால் 2022-23இல் 36 ஆட்டங்கள், 2023-24இல் 22 ஆட்டங்கள் என்று சுருங்கினார். ஹாலிபர்ட்டனை 12ஆம் இடத்தில் எடுத்த சேக்ரமென்டோவும் ஒன்றரைப் பருவத்தில் இந்தியானாவுக்குக் கொடுத்துவிட்டது, தன்னிடம் டிஆரன் ஃபாக்ஸ் என்ற கார்டு ஏற்கெனவே இருந்ததால். பதிலுக்கு வந்த டொமான்டஸ் சபோனிஸால் அந்த அணி தொடர்ந்து 16 பருவங்கள் தவறவிட்ட பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான சுற்றுகள்) மறுபடியும் போனது என்பதால் அதை முழுத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. 2023-24இல் ஹாலிபர்ட்டன் லீக்கிலேயே அதிக அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) சராசரி எடுத்தார். 2025இல் இந்தியானாவை இறுதிச் சுற்றின் 7ஆவது ஆட்டம் வரை கொண்டுபோனார்.

2021இலும் வாரியர்ஸ் அதே குறுக்குச் சந்தில் நின்றது. 7ஆம் இடத்தில், வெளி ஷூட்டிங் 25 சதவீதத்தைத் தொடாத, உடல் வலிமையில் மிஞ்சிய ஜொனாதன் குமிங்காவை எடுத்தது. 8ஆம் இடத்தில் ஆர்லாண்டோ எடுத்த ஃபிரான்ஸ் வாக்னர், பாஸ், ஃப்ரீ த்ரோ, ஆட்ட அறிவு மூன்றிலும் அன்றே முன்னால் இருந்தவர். 14ஆம் இடத்தில் மோசஸ் மூடியை எடுத்தபோது மட்டும் ஷூட்டிங்குக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

2022 கோப்பையை வென்ற அணியின் சென்டர் இடத்தில் நின்றவர் 2015இல் 30ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட கெவன் லூனி. 6 அடி 9 அங்குலம், தாவல் அதிகமில்லை. அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களிலும் பிளேஆஃபின் 22 ஆட்டங்களிலும் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினார், எங்கே ஸ்கிரீன் போட வேண்டும், எப்போது பந்தை விட வேண்டும் என்று அறிந்திருந்ததால். 2023 பிப்ரவரியில் வாரியர்ஸ் நான்கு அணிகள் கலந்த ஒரு பரிமாற்றத்தில் வைஸ்மனை டெட்ராய்டுக்கு அனுப்பியது. அதன் பயனாகத் திரும்பி வந்தவர், முந்தைய ஆண்டு கோப்பையை வென்றபோது உடனிருந்த இரண்டாம் கேரி பேட்டன். 2016 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத அந்த 6 அடி 2 அங்குல கார்டைத்தான் கெர் பல நேரம் கரிக்கு ஸ்கிரீன் போடவும், போட்டுவிட்டுக் கூடையை நோக்கிப் பாயவும் பயன்படுத்தினார்.